நாகையில் கடாரத்தரசன் எடுத்த பள்ளி

சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் ஒருநாள், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்றாள். ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தை வீட்டாரோடு பார்த்தவள். “ஐயா, இளவரசர் காய்ச்சலாய்ப் படுத்திருந்த அந்தப் புத்தர் கோயில் இப்பவும் நாகப்பட்டினத்தில் இருக்கா?” என்று கேட்டாள். “இல்லையம்மா, இடித்துவிட்டார்கள்” என்றேன். “சண்டையிலா, ஐயா?” என்றாள். “சண்டையில் அன்று, பள்ளிக்கூடம் கட்டுவதற்காக” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான், நான் சொன்னது முழு உண்மைதானா என்னும் ஐயம் எழுந்தது. அன்று மாலை செராசில் என் வீட்டு அலமாரியிலிருந்த பழைய நூல்களை எடுத்து மீண்டும் படிக்கத் தொடங்கினேன். அதன் பயனே இக்கட்டுரை.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்றால் ‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டம் ஒலிக்காமல் இராது. கடாரம் என்பது நம் கெடா என்பதும், இராசேந்திர சோழன் கி. பி. 1025ஆம் ஆண்டையொட்டிக் கப்பற்படை அனுப்பி அதனை வென்றான் என்பதும் மாணவர் அறிந்தவையே. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, கடாரத்தை ஆண்ட அரசன் சோழ நாட்டுக் கடற்கரையில் ஒரு பெரும் புத்தப் பள்ளியை எடுப்பித்தான் என்பதையும், அதற்குச் சோழ மன்னனே ஓர் ஊரை அளித்தான் என்பதையும் அறிந்தவர் மிகச் சிலர். படையெடுப்பு நினைவில் நின்றது; பள்ளி மறந்து போயிற்று.

ஈண்டுப் பள்ளி என்னும் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. சமண, பௌத்தத் துறவியர் உறைவிடங்களும் வழிபாட்டிடங்களும் பண்டைத் தமிழில் பள்ளி எனப்பட்டன. அவற்றிற்கு அளிக்கப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம். அப்பள்ளிகளை ஒட்டிய கூடங்களில் பிள்ளைகள் எழுத்துக் கற்றமையால் பள்ளிக்கூடம் என்னும் பெயர் வந்தது என்பர். நாகைப் பள்ளியின் கதை முடியுமிடத்தில் இச்சொல் நம்மை மீண்டும் உறுத்தும்.

செப்பேடு சொல்வது

இப்பள்ளியின் வரலாற்றுக்கு முதற் சான்று ஆனைமங்கலச் செப்பேடு. டச்சுக்காரர் கையில் அகப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரென்டியஸ் கேம்பர் என்னும் பாதிரியார் வழியாக ஐரோப்பா சென்று, பின்னர் 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் இதற்குப் பெரிய லெய்டன் செப்பேடு என்னும் பெயரும் உண்டு. இருபத்தோர் இதழ்கள், ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் இராசேந்திரனின் முத்திரை. ஏறத்தாழ முப்பது கிலோ எடை. இதனைப் படித்து முறையாக வெளியிட்டவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர்.

முதல் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1006ஐ ஒட்டி, நாகப்பட்டினத்துச் சூளாமணிபன்ம விகாரத்துப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான் என்று தமிழ்ப் பகுதி கூறுகின்றது. (சூளாமணி என்றவுடன் தோலாமொழித்தேவரின் காப்பியம் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஓர் அரசன் பெயர்.) நிலம் 97 வேலிக்குச் சற்று மேல், அதிலிருந்து வரும் காணிக்கடன் 8943 கலம் நெல்லுக்குச் சற்று மேல். எல்லையைக் கோலால் அளந்ததோடு நில்லாது, ஒரு பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றி நடத்தி, அது நடந்த வழியே கல்லும் கள்ளியும் நட்டனர். ஊரார் அனைவரும் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அதன் கருத்துப் போலும். அந்த ஊர்வலத்தை நம் மாணவர்க்கு நாடகமாக நடிக்கச் செய்யலாம் என்று எனக்கு நெடுநாள் ஆசை, யானைதான் அகப்படவில்லை.

இனி ஒரு சிக்கல். விகாரம் எடுப்பித்தவன் கடாரத்தரசன் சூளாமணிவர்மன் என்கிறது தமிழ்ப் பகுதி. வடமொழிப் பகுதியோ, அவன் மகன் மாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அதனைக் கட்டினான் என்கிறது. மகன் சைலேந்திர மரபினன், ஸ்ரீவிசயத்தின் தலைவன், கடாரத்திலும் ஆட்சி செலுத்தியவன். இரண்டில் எது சரி?

விடை சீன நாட்டிலிருந்து கிடைக்கின்றது. சோங் மரபு வரலாற்றில் 1003ஆம் ஆண்டு ஸ்ரீவிசயத்திலிருந்து வந்த தூதர்கள் சூளாமணிவர்மனின் தூதர்கள். 1008இல் வந்தவர்கள் அவன் மகனின் தூதர்கள். ஆகவே இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் அரசு கைமாறியது. தமிழ்ப் பகுதி 1006ஐ ஒட்டிய ஆணையின் படி. வடமொழிப் பகுதி இராசராசன் மறைந்தபின் இராசேந்திரன் அந்தக் கொடையை நிலைப்படுத்தியபோது யாக்கப்பட்டது. தந்தை தொடங்க, மைந்தன் முடித்தான் என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். இன்னும் சுவையான செய்தி ஒன்று: 1003இல் சென்ற தூதர்கள், சீனப் பேரரசரின் நீண்ட ஆயுளுக்காகத் தங்கள் நாட்டில் ஒரு புத்தர் கோயில் கட்டியிருப்பதாகவும், அதற்கு ஒரு பெயரும் மணிகளும் வேண்டும் என்றும் கேட்டுப் பெற்றனர். கிழக்கே சீனருக்காக ஒரு கோயில், மேற்கே சோழர் துறையில் ஒரு விகாரம். இரு பேரரசுகளுக்கும் இடையே கடல்வழியைக் கையில் வைத்திருந்தவன் செய்த செயல் இது. பக்தியும் வாணிகமும் இதில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன.

இலக்கணம் கற்பிப்போர் கவனிக்கத் தக்க இடம் ஒன்று. அச்செப்பேட்டில் விகாரத்திற்கு அடையாக வரும் சொல் ‘எடுப்பிக்கின்ற’ என்பது, ‘எடுப்பித்த’ என்பதன்று. ஆகவே ஆணை பிறந்தபோது கட்டடம் முடியவில்லை. வேலை நடந்து கொண்டிருந்தது. ஒரு கால இடைநிலை ஒரு கட்டடத்தின் வயதைக் காட்டிக் கொடுக்கின்றது! இராசராசன் பட்டத்திற்கு வந்தது 985இல். எனவே அவன் இளவரசனாயிருந்தபோது இந்த விகாரத்தில் நோயுற்றுக் கிடந்திருக்க இயலாது. ஆனைமங்கலச் செப்பேட்டைக் கல்கி அறியாதவர் அல்லர். கதைக்கு வேண்டி அவர் எடுத்துக்கொண்ட உரிமை அது. நாவலைப் பழிப்பதற்கில்லை, நாவலை வரலாறாக எழுதிவரும் கட்டுரைப் பயிற்சி ஏடுகளைத் திருத்தும்போது நாம்தான் விழிப்பாக இருக்கவேண்டும்.

காற்றுக்குக் காத்திருந்தோர்

நாகப்பட்டினத்தில் ஏன் கட்டினான்? காரணம் காற்று. வடகிழக்குப் பருவக்காற்றில் நம் மலாக்கா நீரிணையிலிருந்து புறப்படும் கலம் சோழ நாட்டுக் கரையை அடையும். திரும்பிவரத் தென்மேற்குக் காற்று எழவேண்டும். இடையிலுள்ள திங்கள்கள் வணிகரும் மாலுமிகளும் கரையிலேயே தங்கியிருக்க வேண்டியதுதான். ஏழாம் நூற்றாண்டிலேயே ஊசிங் என்னும் சீனத் துறவி கெடாவில் கலமேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததாக இட்சிங் எழுதி வைத்துள்ளார். முப்பது நாள் பயணம், பல திங்கள் காத்திருப்பு. அப்படித் தங்கியவர்க்குத் தொழுவதற்கும் தங்குவதற்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ?

கடாரத்தரசர்கள் புத்தருக்கு மட்டும் செய்யவில்லை. இராசேந்திரனின் தொடக்க ஆட்சியாண்டுகளில், கடாரத்தரசனின் ஆட்கள் நாகைக் காயாரோகணர் கோயிலுக்கு அணிகலன்களும் சீனக் கனகமும் அளித்தமையை அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. சிவன் கோயிலில் கடாரத்தரசன் கொடை. புத்தப் பள்ளிக்குச் சைவனான சோழன் கொடை. அக்காலத்தார் இதனை வியப்பாகக் கருதியதாகத் தெரியவில்லை.

பின் 1025இல் போர் வந்தது. அப்போரோடு பள்ளியும் பாழாயிருக்கும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் 1090இல், முதல் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், மூன்று இதழ்களே உள்ள இன்னொரு செப்பேடு எழுதப்பட்டது. இதுவே சிறிய லெய்டன் செப்பேடு. கடாரத்தரசனின் தூதர்களாகிய இராசவித்தியாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்னும் இருவர் வேண்டியபடி, பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிகள் நீக்கப்பட்ட செய்தியை அது கூறும். அதில் நாகையில் இராசேந்திர சோழப் பெரும்பள்ளி, இராசராசப் பெரும்பள்ளி என இரண்டு பள்ளிகள் குறிக்கப்படுகின்றன. பின்னதுதான் பழைய சூளாமணிவர்ம விகாரம். கடாரத்தரசன் வைத்த பெயரும் சோழன் பெயரும் ஒரே கட்டடத்தில் ஒட்டிக்கொண்டன. வென்றவன் பெயரால் வழங்கிய இன்னொரு பள்ளிக்கும் தோற்ற நாட்டிலிருந்தே தூதர் வந்து பரிந்து பேசினர். இதைவிடப் போரின் அளவை உணர்த்தும் சான்று வேறு வேண்டுவதில்லை.

சீனக் கோபுரம்

இதற்குப்பின் செப்பேடுகள் மௌனமாகின்றன. அயலார் குறிப்புகளே துணை. 1349இல் நூல் எழுதிய வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி, இக்கரையில் மண்ணும் செங்கல்லுமாகக் கட்டிய உயர்ந்த கோபுரம் ஒன்று இருந்ததென்றும், சியென்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் திங்களில் வேலை முடிந்ததெனச் சீன எழுத்தில் அதிற் பொறித்திருந்ததென்றும் கூறுகின்றார். அது கி. பி. 1267. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலங்கையிலிருந்து திரும்பும்போது கப்பலுடைந்து நாகைக்கு நடந்து வந்த பர்மியத் துறவியர், ஒரு விகாரம் இருந்த இடத்தைக் கண்டனர். சீன நாட்டு அரசன் அமைப்பித்ததாகச் சொல்லப்பட்ட குகையில் புத்தர் உருவைத் தொழுதனர். பெகுவிலுள்ள கலியாணிக் கல்வெட்டு இதனைக் கூறும். விகாரம் என்னாது ‘விகாரம் இருந்த இடம்’ என்று அது சொல்வது கருதத்தக்கது. டச்சுக்காரரும் அவ்விடத்துக் கோபுரத்தைச் சீனக் கோயில் என்றே குறித்தனர்.

1846இல் வால்ட்டர் எலியட் என்னும் ஆங்கில அதிகாரி அக்கோபுரத்தைக் கண்டார். நகருக்கு வடக்கே ஒன்றிரண்டு கல் தொலைவில், நாற்புறச் சதுரமாய், மூன்று நிலைகளோடு நின்றது. சாந்து இல்லாமலே செங்கற்களை நெருக்கிப் பொருத்தியிருந்தனர். ஒவ்வொரு புறத்தின் நடுவிலும் வாயில் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஊர்மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். கடலோடிகளுக்குக் கரையை அடையாளம் காட்டி வந்தது. சிலர் சீனக் கோபுரம் என்றும், சிலர் ஜைனக் கோபுரம் என்றும் கூறினர். சீன, ஜைன என்னும் இரண்டு சொற்களும் வெள்ளைக்காரர் காதில் எப்படிக் குழம்பியிருக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எலியட் ஒரு படம் எழுதுவித்து வைத்துக்கொண்டார்.

அதன் அருகே ஏசு சபைக் குருமார் புனித சூசையப்பர் கல்லூரியை நடத்தி வந்தனர், 1844இல் தொடங்கியது. சிதைந்த கோபுரத்தை இடித்து, அதன் செங்கல்லைக் கட்டட வேலைக்கு எடுத்துக்கொள்ள அவர்கள் அரசினரிடம் அனுமதி வேண்டினர். முதலில் கிட்டவில்லை. இறுதியில் 1867 ஆகஸ்டு 28ஆம் நாள் சென்னை அரசு ஒப்புதல் அளித்தது: தங்கள் செலவில் இடித்துக்கொள்ளலாம், கிடைப்பதைப் பள்ளிக் கட்டடங்களுக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம். வாங் தாயுவான் கண்ட கோபுரம் இதுவேயாயின், அது முடிந்தது 1267 ஆகஸ்டு அல்லது செப்டம்பர். இடிக்க ஆணை பிறந்தது சரியாக அறுநூறு ஆண்டு கழித்து. கல்லூரியோ, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிவிட்டது.

பள்ளியை இடித்துப் பள்ளி கட்டினர். குருமாரை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. ஒப்புதல் தந்தது அரசு. ஊராரும் அன்று அதனைத் தம்முடையதாகக் கருதவில்லை. நம்மவர் கோயில் திருப்பணி என்று சொல்லிக் கல்வெட்டுகளின்மேல் மணல் வீச்சு நடத்தி எழுத்தை அழித்ததும் உண்டு.

இப்பொழுது என் ஐயத்திற்கு வருகிறேன். 1867இல் இடிந்தது சூளாமணிவர்ம விகாரமா? அப்படியே பல நூல்கள் எழுதுகின்றன; நானும் அந்த மாணவியிடம் அப்படியே சொன்னேன். ஆயினும் செப்பேட்டின் விகாரத்தையும் எலியட் கண்ட கோபுரத்தையும் நேராக இணைக்கும் சான்று ஒன்றும் இல்லை. மக்கள் வாய்மொழி, டச்சுக் குறிப்பு, பர்மியர் கேட்டறிந்த செய்தி, 1267ஆம் ஆண்டுப் பொறிப்பு ஆகிய எல்லாம் சீனரையே சுட்டுகின்றன, கடாரத்தாரைச் சுட்டவில்லை. நாகையில் பள்ளிகள் ஒன்றுக்கு மேல் இருந்தன என்பதைச் சிறிய செப்பேடே கூறுகின்றது. ஆகவே, கடாரத்தரசன் பள்ளி எப்போதோ மண்ணோடு மண்ணாகியிருக்க, பிற்காலத்துச் சீன வணிகர் எழுப்பியதோ புதுக்கியதோ ஆகிய கோபுரமே 1867இல் இடிந்தது என்பது என் கருத்து. பழைய நூல்களைப் படிக்கும் ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும்.

மண்ணுக்குள் இருந்தவை

கட்டடம் போயிற்று, அதன் உள்ளீடு மண்ணில் இருந்தது. 1856இல் கல்லூரி நிலத்தில் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது, அதனடியில் ஐந்து படிமங்கள் கிடைத்தன. ஒன்றன் பீடத்தில் ஆகம பண்டிதர், உய்யக்கொண்ட நாயகர் என்னும் சொற்கள் தமிழில் இருந்தன. அது முதல் 1930களின் நடுப்பகுதி வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் ஏறத்தாழ 350 புத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. புத்தரின் நின்ற கோலம், இருந்த கோலம், போதிசத்துவர், சிறு தூபிகள் எனப் பலவகை. இவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. திருமேனிகளிற் சில சோழர் காலத்தன. சில அதற்கு மிகவும் பிந்தியன. சோழப் பேரரசு மறைந்த பின்னும் நாகையில் தமிழ் பேசிய பௌத்தர் வாழ்ந்தனர் என்பதை இவை காட்டுகின்றன. பாடநூல்களில் பல்லவர் காலத்தோடு பௌத்தத்தை முடித்துவிடுகிறோமே, அது தவறு.

கடாரக் கரையில் என்ன நிலை? ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களில் குவாரிட்ச் வேல்சும் அவர் துணைவியாரும் அகழ்ந்து, பாழடைந்த கோயில்களுக்கு எண்ணிட்டனர். அவற்றுள் புக்கிட் பத்து பகாட் கோயிலை அலஸ்டேர் லாம்ப் 1960ஐ ஒட்டிச் சீரமைத்தார். மாணவரை அழைத்துச் சென்று காட்டலாம். மலையின் வடபுறத்தில் புக்கிட் சோராஸ் என்னுமிடத்தில் 2023இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஒரு புத்தத் தூபியின் அடித்தளத்தையும், தியானத்தில் அமர்ந்த சுதை உருவங்களையும் கண்டெடுத்தனர். (நம் செராசுக்கும் சோராசுக்கும் ஓசை ஒற்றுமையன்றி உறவில்லை.) ஆனால் சுங்கை பத்துவில் பதினோராம் எண் கோயில் 2013இல் வீட்டுமனை வேலைக்காகப் பொறி கொண்டு தரைமட்டமாக்கப்பட்டது. அது தனியார் நிலம், பாரம்பரிய இடமாக அரசிதழில் பதிவு பெறாதது என்று காரணம் கூறினர். நாகையில் கேட்டு இடித்தனர். இங்கே அதுவும் இல்லை.

இதைப் படித்த நாளில் எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து நான் முதலில் பணியேற்ற தோட்டப் பள்ளியின் பக்கத்தில், லயத்து மக்கள் கட்டிய ஒரு சிறு மாரியம்மன் கோயில் இருந்தது. தோட்டம் கைமாறிக் கோயிலை இடம்பெயர்க்க நாள் குறித்தபோது, முந்திய வாரம் அளவுநாடாவோடு மாணவர் பன்னிருவரை அழைத்துச் சென்றேன். கருவறை, மண்டபம், பலிபீடம், சுவரின் உயரம் எல்லாம் அளந்து சதுரக் கட்டத் தாளில் வரைந்தோம். கூலிப் பணத்தில் மாதம் இவ்வளவு என்று பிடித்துக் கட்டியதைச் சுவரிலேயே தாரால் எழுதியிருந்தார்கள். அப்பெயர்களை ஒரு மாணவி படியெடுத்தாள். அத்தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. எலியட்டின் கோபுரப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதனையும் எடுத்துப் பார்ப்பேன். வாசற்படியின் அகலத்தை மட்டும் அளக்க மறந்துவிட்டோம்.